மூச்சுக்குத் தனி இன்வெர்ட்டர்

விமானத்தில் பக்கத்து இருக்கையில் இருந்த பெரியவர், எதற்காக ஊருக்குப் போகிறேன் என்று கேட்டார். கல்யாணமா, கோயில் வேண்டுதலா என்று பதிலையும் அவரே எடுத்துக் கொடுத்தார். "இன்வெர்ட்டர் வாங்க" என்றேன். என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். சென்னையில் இறங்கும்போதுதான் திறந்தார்.

நான் பொய் சொல்லவில்லை. என் அண்ணன் தனசேகர் பாரிவாக்கத்தில் இருக்கிறார். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு வார்ப்பட யூனிட்டில் கிரைண்டிங் வேலை பார்த்தவர். இரும்புத் தூள் நுரையீரலில் தங்கிவிட்டது. தூங்கும்போதும், நாலு படி ஏறினாலும், குளித்துவிட்டு வந்தாலும் அவருக்கு ஆக்சிஜன் மிசின் வேண்டும். காற்றை இழுத்து, அதிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்து, மூக்குக் குழாய் வழியாக அனுப்பும் மிசின். மின்சாரம் இருந்தால்தான் அது ஓடும். அது வீட்டுக்குள் வந்த நாளிலிருந்து அண்ணன் ஒரு ராத்திரிகூட வெளியூரில் தங்கியதில்லை.

அப்படிப்பட்டவர் ஒருநாள் போன் செய்து, கம்பெனி ஆட்களை ஏற்றி இறக்கிய பழைய வேன் ஒன்றை வாங்கிவிட்டதாகவும், கட்டில், அடுப்படி எல்லாம் வைத்து அதை வீடாக மாற்றப் போவதாகவும், மிசின் ஓட அதற்கு ஒரு இன்வெர்ட்டர் வேண்டும் என்றும் சொன்னார். "நீதான் அந்த ஊர்ல வண்டியிலயே குடும்பம் நடத்திகினு சுத்துனவ. ஒருவாட்டி வந்து பாத்துட்டுப் போ பாப்பா."

நானும் என் கணவரும், நாங்கள் குடியிருக்கும் நியூசிலாந்தில், கோடை விடுமுறைகளில் மோட்டார்ஹோம் வண்டி வாடகைக்கு எடுத்துச் சுற்றியது உண்மைதான். ஆனால் அங்கே வண்டிகள் தங்கும் மைதானங்களில் ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு மின்கம்பம் இருக்கும். வயரைச் சொருகினால் வீட்டில் இருப்பதுபோல எல்லாம் ஓடும். இன்வெர்ட்டர் என்ற பெட்டி அந்த வண்டியில் எங்கே இருந்தது என்றுகூட நான் பார்த்ததில்லை. இதை அண்ணனிடம் சொன்னேன். "அதெல்லாம் உனுக்குத் தெரியும்" என்று போனை வைத்துவிட்டார். வேலை பார்க்கும் பள்ளிக்கூடச் சமையலறையில் லீவு சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

வீட்டு வாசலில் இறங்கியபோது அண்ணி கலைவாணி இட்லிக்கு வடகறி வைத்துக்கொண்டிருந்தார். அண்ணி பூந்தமல்லியில் ஒரு பள்ளிக்கூடத்துக்குப் பல வருடம் வேன் ஓட்டியவர். அந்த தைரியத்தில்தான் அண்ணன் வண்டியே வாங்கியிருக்கிறார். வடகறியில் சோம்பு கொஞ்சம் தூக்கலாக இருந்தது. எத்தனை இட்லி சாப்பிட்டேன் என்று தெரியவில்லை. அப்படியே சோபாவில் சாய்ந்து தூங்கலாம் என்று பார்த்தால் உள்ளறையில் மிசின் ஓடிக்கொண்டிருந்தது. இழுத்து, நிறுத்தி, புஸ்ஸென்று விட்டு, மறுபடி இழுக்கும் சத்தம். அண்ணிக்கு அது பழகிவிட்டது. எனக்குப் பழகவே இல்லை. கிளம்புவதற்கு முந்தின நாள்வரை அரைத் தூக்கம்தான்.

மறுநாள் வண்டியைப் பார்க்கக் குத்தம்பாக்கம் போனோம். புது பஸ் நிலையத்தைத் தாண்டி, உள்ரோட்டில் ஒரு தகரக் கொட்டகை. ரஃபி பாய் அங்கே டிபன் கடை வண்டிகளுக்குக் கூடு கட்டுகிறார். தோசைக் கல் வைத்த வண்டி ஒன்று, ஜூஸ் வண்டி ஒன்று, நடுவில் அண்ணனின் வெள்ளை வேன். உள்ளே கட்டில் போட்டாகிவிட்டது. பாத்திர அலமாரியும் மடக்கு மேசையும் இருந்தன. கட்டிலுக்கு அடியில் ஒரு கறுப்புப் பெட்டி.

"இதுதாம்மா இன்வெர்ட்டர்" என்றார் ரஃபி பாய். "பன்னெண்டு வோல்ட் பேட்டரிலேர்ந்து கரண்ட எடுத்து, ஊட்டு கரண்டா மாத்திக் குடுக்கும். எல்லா டிபன் வண்டிக்கும் இத்தான் போட்றேன். டிவி, ஃபேன், லைட்டு, மிக்சி. அண்ணன் கேட்டது எல்லாம் ஓடும்."

"ஆக்சிஜன்..." என்று ஆரம்பித்தேன். அண்ணன் என் காலை மிதித்தார். லேசாக இல்லை, நன்றாகவே மிதித்தார்.

ஆட்டோவில் திரும்பினோம். வீட்டுக்கு வந்து, மூக்கில் குழாயை மாட்டிக்கொண்டு, இளைப்பு அடங்கிய பிறகுதான் அண்ணன் வாயைத் திறந்தார். "அவன்கிட்ட இன்னாத்துக்கு அதெல்லாம் சொல்லிகினு? நோயாளிக்கு வண்டி கட்றான்னு ஊரு பூரா பேசுவான்."

"மிசினுக்குத்தானே ண்ணா வண்டியே? அது ஓடலன்னா நீ எப்படிப் படுப்ப?"

"ஓடும். மிக்சியே ஓடுதாம், இது ஓடாதா?"

அண்ணி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து என்னிடம் கையை விரித்துக் காட்டினார். அண்ணன் கல்யாண வீட்டுக்குப் போனாலும் பத்து நிமிஷம் குழாயில்லாமல் உட்கார்ந்துவிட்டு, உதடு நீலமாகிற நேரத்துக்கு எழுந்து வந்துவிடுவாராம். பழைய கூட்டாளிகள் கூப்பிட்டால் ஊரில் இல்லை என்று சொல்லச் சொல்வாராம். நியூசிலாந்தில், ஹாமில்டனில் எங்கள் தெருமுனைக் கடையில் ஒரு கிழவர் மூக்குக் குழாயோடு, தோளில் சிலிண்டர் பையோடு வந்து பால் வாங்கிப் போவார். யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். அதைச் சொன்னேன். "அது உன் ஊரு" என்றார் அண்ணன்.

வெள்ளிக்கிழமை மதியம் அண்ணனே திடீரென்று, "மிசின் ஓடுதான்னு இப்ப போயி பாத்துரலாம்" என்றார். பாய் தொழுகைக்குப் போயிருப்பார், மற்றவர்கள் சாப்பிடப் போயிருப்பார்கள், கொட்டகையில் ஆள் இருக்காது. மிசினைப் போர்வையில் சுற்றி ஆட்டோவில் ஏற்றினோம். தூக்குவதற்குள் எனக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. அண்ணி ஒரு சின்ன ஆக்சிஜன் சிலிண்டரையும் கூடவே எடுத்துக்கொண்டார். "எதுக்கும் இருக்கட்டும்" என்றார். அண்ணன் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

கொட்டகைக்குள் அனல் அடித்தது. அண்ணன் கட்டிலில் படுத்து, குழாயை மாட்டிக்கொண்டு, "போடு" என்றார். சுவிட்சைப் போட்டேன். மிசின் ஓடியது. ஆனால் வீட்டில் கேட்கும் சத்தம் இல்லை. உள்ளே வண்டு அடைபட்ட மாதிரி ஒரு ரீங்காரம். கையை வைத்தால் சுட்டது.

"பாத்தியா, ஓடுது" என்றார் அண்ணன்.

"மிக்சியும் போட்டுப் பாத்துரலாம்" என்று அண்ணி, வீட்டிலிருந்து கொண்டுவந்த மிக்சியில் தேங்காய்ச் சில்லைப் போட்டுத் திருப்பினார். அது அரைச் சுற்றுதான் சுற்றியிருக்கும். டப்பென்று எல்லாம் நின்றுவிட்டது. மிக்சி, ஃபேன், மிசின் மூன்றும். கறுப்புப் பெட்டியில் சிவப்பு விளக்கு எரிந்தது. மிசின் கீச்சுக் கீச்சென்று கத்த ஆரம்பித்தது. நான் சுவிட்சை அணைத்தேன், போட்டேன், மறுபடி அணைத்தேன். ஒன்றும் வரவில்லை.

அண்ணன் எழுந்து உட்கார்ந்தார். வாயைத் திறந்து மூச்சை இழுத்தார். பயந்தால் அவருக்கு இன்னும் இழுக்கும். கழுத்து நரம்பு புடைத்தது. அண்ணி சிலிண்டரைத் திறந்து, குழாயை மாற்றி மாட்டி, அவர் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தார். அவர் உதட்டில் நிறம் திரும்பும்வரை நான் அந்தச் சிவப்பு விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"கிளம்பலாம்" என்றார் அண்ணன் கடைசியில். "பாய் வர்றதுக்குள்ள." வீட்டுக்கு வந்து சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார். "வண்டிய வித்துரு" என்றார் அண்ணியிடம்.

அண்ணி விற்கவில்லை. காலையில் எனக்கு முன்னால் தயாராகி நின்றார். "வா, நம்ம ரெண்டு பேரும் போயி உண்மையச் சொல்லி ஒன்னு வாங்கியாருவோம்."

முதலில் குமணன்சாவடி. மெட்ரோ தூண்களுக்கு நடுவே ரோட்டைக் கடக்கவே தனியாகத் தெம்பு வேண்டும். பேட்டரி, இன்வெர்ட்டர் கடைக்காரர் எங்களுக்கு நாற்காலி போட்டு, ரோஸ்மில்க் வாங்கிக் கொடுத்து, பொறுமையாகக் கேட்டார். ஆக்சிஜன் மிசின் என்றதும் பேனாவை மூடிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

"மேடம், தப்பா எடுத்துக்காதீங்க. டிவி, ஃப்ரிட்ஜ்னா இப்பவே பில் போட்டுருவேன். இது உயிர் சமாச்சாரம். நாளைக்கு ஒன்னு கெடக்க ஒன்னு ஆச்சுன்னா என் கடை வாசல்லதான் வந்து நிப்பாங்க." ஆனாலும் ஒன்றைச் சொன்னார். வீட்டு மின்சாரம் அலை மாதிரி வழவழப்பாக ஏறி இறங்குமாம். டிபன் வண்டியில் வைக்கிற மலிவான பெட்டி தருவது படிக்கட்டு மாதிரி குதித்துக் குதித்து வருமாம். பல்பும் ஃபேனும் அதைப் பொறுத்துக்கொள்ளும். ஆக்சிஜன் மிசினின் மோட்டார் பொறுத்துக்கொள்ளாது, சூடாகிப் போய்விடும். "அலை மாதிரி கரண்ட் தர்ற பெட்டிய ப்யூர் சைன் வேவ்னு கேட்டு வாங்குங்க. என்கிட்ட வேணாம்."

அடுத்து அம்பத்தூர். பஸ்ஸில் நின்றுகொண்டே போனோம். மதுரவாயல் பக்கம் பஸ் பழுதாகி எல்லோரையும் இறக்கிவிட்டார்கள். வெயிலில் நின்று அடுத்த பஸ்ஸில் ஏறி இறங்கியபோது எனக்குப் பசியா தலைவலியா என்று தெரியவில்லை. ஒரு கடையில் பன் பட்டர் ஜாமும் டீயும் சாப்பிட்டோம். அப்புறம் கண்ணாடி போட்ட ஒரு பெரிய ஷோரூம். கழுத்தில் டை கட்டிய விற்பனையாளர் எதைக் கேட்டாலும் தாராளமாக ஓடும் என்றார்.

"ஏசி ஓடும் மேடம். கிரைண்டர் ஓடும். வாஷிங் மெசின்கூட ஓடும்."

"வண்டி ஓடுமா?" என்றார் அண்ணி.

அவருக்கு அது புரியவில்லை. "ஓடும் மேடம்" என்றார். நாங்கள் எழுந்து வந்துவிட்டோம். ஒருவர் எதையும் தர மாட்டேன் என்கிறார், இன்னொருவர் எல்லாம் ஓடும் என்கிறார். இந்த இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு ஆள் இந்தப் பக்கத்தில் எங்கேயாவது இருப்பாரா என்று எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. ஆவடி போய்ப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போய்விடலாம் என்று ஷேர் ஆட்டோவில் ஏறினோம்.

திருமுல்லைவாயில் தாண்டியதும் வண்டிகள் நின்றுவிட்டன. எங்கேயோ முன்னால் ஒரு லாரி குறுக்கே நிற்கிறதாம். புழுக்கம். என் மடியில் யாரோ ஒருவரின் கீரைக்கட்டு. எங்களை ஒட்டி ஒரு தனியார் ஆம்புலன்ஸ் நின்றது. சைரன் போடவில்லை, நோயாளியை இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பும் வண்டி. ஓட்டுநர் ஜன்னலில் கையை வைத்துக்கொண்டு வேர்க்கடலை தின்றுகொண்டிருந்தார். நான் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகுதான் தோன்றியது, இந்த வண்டிக்குள்ளும் மிசின்கள் ஓடுகின்றனவே என்று.

"ஏங்க, உங்க வண்டியில ஆக்சிஜன் மிசினெல்லாம் எதுல ஓடுது?" என்று ஷேர் ஆட்டோவிலிருந்து கத்தினேன்.

அவர் கடலையை விழுங்கிவிட்டு, "இன்வெர்ட்டர்ல ஓடுது. இன்னாத்துக்குக்கா?" என்றார்.

"யாரு மாட்டிக் குடுத்தாங்க?"

"ஆவடில சங்கரலிங்கம்னு ஒருத்தரு கீறாரு. மார்க்கெட்டுக்குப் பின்னால. கொஞ்சம் மொரடு. கண்டுக்காதீங்க." முன்னால் வழி விட்டது. அவர் போய்விட்டார். ஷேர் ஆட்டோவில் இருந்த அத்தனை பேரும், யாருக்கு உடம்பு சரியில்லை என்று எங்களை விசாரிக்க ஆரம்பித்தார்கள். அண்ணி எல்லோருக்கும் பதில் சொன்னார். வீட்டில் அடக்கி வைத்திருந்த பேச்செல்லாம் அந்த ஆட்டோவில் கொட்டியது. கீரைக்கட்டுக்காரம்மா இறங்கும்போது அண்ணியின் கையை ஒருமுறை பிடித்துவிட்டுப் போனார்.

சங்கரலிங்கம் தென்காசிப் பக்கத்துக்காரர். ஆவடிக்கு வந்து பல வருடமாகியும் பேச்சு மாறவில்லை. இரண்டு ஆம்புலன்ஸ்கள் வயரும் குடலுமாகத் திறந்து கிடந்தன. நாங்கள் சொன்னதைக் கேட்டார். நாற்காலி போடவில்லை, ரோஸ்மில்க் வாங்கித் தரவில்லை.

"மிசினைக் கொண்டாங்க. வண்டியைக் கொண்டாங்க. ஆளையும் கொண்டாங்க."

"ஆள் எதுக்கு?" என்றேன்.

"மிசின் சும்மா ஓடுறது வேற, ஆளு மாட்டி மூச்சு இழுக்கும்போது ஓடுறது வேற. அவரு எம்புட்டு ஆக்சிஜன் வச்சு இழுக்காரு, எவ்வளவு நேரம் ஓடுதுன்னு நான் பாக்கணும்லா. ஒரு மணி நேரமாவது இங்க உக்காரணும். இல்லன்னா நான் கை வைக்க மாட்டேன்."

அண்ணியும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். ஆவடி மார்க்கெட்டுக்குப் பின்னால், நடுப்பகலில், நாலு பேர் போய் வரும் இடத்தில், மூக்குக் குழாயோடு அண்ணன் உட்கார வேண்டும்.

அன்று வீட்டில் நடந்தது சண்டை என்றும் சொல்ல முடியாது. அண்ணி கத்தவில்லை. "நான் ஸ்கூல் வேன் ஓட்டும்போது எத்தினி புள்ளைங்கள சுற்றுலாவுக்கு இட்டுகினு போனேன். உன்ன ஒருவாட்டி இட்டுகினு போறதுக்கு, ஒரு மணி நேரம் ஒரு எடத்துல உக்கார மாட்டியா?" என்றார். அப்புறம் சோறு போட்டார். அண்ணன் சாப்பிட்டார். கை கழுவிவிட்டு வந்து, "எந்தச் சட்டைய போட்டுகினு வர்றது?" என்று கேட்டார்.

ரஃபி பாயிடம் சொல்லாமல் வண்டியை எடுக்க முடியாது. அண்ணனே சொன்னார். குழாயைக் கையில் வைத்துக்கொண்டு, அதைப் பார்த்தபடியே சொன்னார். பாய் அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். "அண்ணே, சட்னி அரைக்கிற பொட்டிய உங்க மூச்சுக்கு வச்சிருக்கேனே. எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லக் கூடாதா? நாளைக்கு எதுனா ஆயிருந்தா நான் எந்த மூஞ்சிய வச்சுகினு தொழுவேன்?" அவர் கண் கலங்கிவிட்டது. அண்ணன் என்ன செய்வது என்று தெரியாமல் அவர் தோளில் கையை வைத்தார்.

ஆவடிக்கு அண்ணிதான் வண்டியை ஓட்டினார். சங்கரலிங்கம் ஆம்புலன்ஸ் ஒன்றிலிருந்து ஒரு இன்வெர்ட்டரைக் கழற்றி, தனி பேட்டரியில் மாட்டி, மிசினைச் சொருகினார். வண்டிக்குள் வேலை நடந்ததால் அண்ணனை வெளியே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரச் சொன்னார். குழாய் வண்டிக்குள்ளிருந்து நீண்டு வந்து அவர் மூக்கில் முடிந்தது. வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். தெருவில் போகிறவர்கள் பார்த்துக்கொண்டே போனார்கள். அண்ணன் தரையைப் பார்த்தபடி இருந்தார். மிசின் வீட்டில் ஓடுவதுபோலவே ஓடியது. இழுத்து, நிறுத்தி, புஸ்ஸென்று விட்டு. ராத்திரியெல்லாம் என்னைத் தூங்கவிடாத அந்தச் சத்தத்தைக் கேட்டு நான் சந்தோஷப்பட்டது அன்றைக்குத்தான்.

அப்போது குட்டியானை என்கிற சின்னச் சரக்கு வண்டி ஒன்று வந்து நின்றது. பேட்டரி பார்க்க வந்தவர், வழுக்கைத் தலை, பெரிய தொந்தி. இறங்கினவர் அண்ணனைப் பார்த்து நின்றுவிட்டார்.

"டேய், தனசேகரு?"

அண்ணன் தலையைத் தூக்கினார். முகம் வெளிறிவிட்டது. கை தானாகக் குழாய்க்குப் போனது. எஸ்டேட்டில் பக்கத்து மிசினில் வேலை பார்த்த முனுசாமி என்று பிறகுதான் தெரிந்தது. அவர் அண்ணனைப் பார்த்தார், குழாயைப் பார்த்தார், குழாய் போய் முடிகிற வண்டியைப் பார்த்தார், ஸ்டியரிங்கில் கை வைத்து உட்கார்ந்திருந்த அண்ணியைப் பார்த்தார்.

"இன்னா மாமே," என்றார், "கடசியா மூக்கணாங்கயிறு போட்டுட்டாங்களா அண்ணி?"

முதலில் அண்ணிதான் சிரித்தார். பிறகு அண்ணன். சிரிப்பு இருமலாகி, இருமல் நின்று மறுபடி சிரிப்பாகி, கண்ணைத் துடைத்துக்கொண்டார். முனுசாமி இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார். "எனக்கும் மாடிப்படி ஏறுனா இழுக்குதுடா. டாக்டராண்ட போவ பயமா கீது" என்றார். அதற்குப் பிறகு அவர்கள் எங்களைக் கவனிக்கவில்லை. இறந்துபோன ஒரு சூப்பர்வைசரைத் திட்டுவதில் இரண்டு பேருக்கும் நேரம் போனதே தெரியவில்லை. சொன்ன ஒரு மணி நேரம் எப்போதோ தாண்டிவிட்டது.

உள்ளே சங்கரலிங்கம் எங்களிடம் முடிவு கேட்டார். அவர் சொன்னது இதுதான். மிசினுக்குத் தனியாக ஒரு ப்யூர் சைன் இன்வெர்ட்டர், தனி பேட்டரி. அதில் வேறு எதையும் சொருகக் கூடாது, போன் சார்ஜர்கூடக் கூடாது. சமையலுக்கு வேறொரு இன்வெர்ட்டர். "எல்லாத்தையும் ஒன்னுல கட்டினா, மிக்சி இழுக்கிற இழுப்புல எல்லாம் சேந்து விழும். மிக்சி கெளம்பும்போது அதுமேல எழுதியிருக்கிற கரண்ட விட ரெண்டு மூணு மடங்கு இழுக்கும். தனியா இருந்தா சட்னிதான் நிக்கும், மூச்சு நிக்காது."

கேஸ் அடுப்பு வைத்துக்கொள்ளலாம், மின்சாரம் மிச்சம் என்று நான் சொன்னேன். அவர் என்னை முறைத்தார். "ஆக்சிஜன் ஓடுற வண்டிக்குள்ள தீயா?" ஆக, கரண்ட் அடுப்புதான் வேண்டும். கரண்ட் அடுப்பு வேண்டுமென்றால் ஏசிக்கு இடமில்லை. அண்ணன் பெரிதும் ஆசைப்பட்டது அந்த ஏசிக்குத்தான். கட்டிலுக்கு அடியில் இருக்கும் இடம் முழுக்க பேட்டரிகளுக்குப் போய்விடும். பாத்திர அலமாரியில் பாதியும் போய்விடும். எதை விடுவது என்று வண்டிக்குள் நின்றபடியே பேசினோம். டிவி போனது. ரைஸ் குக்கர் போனது. அண்ணி தன் எவர்சில்வர் பாத்திரங்களைத் தலைக்கு மேல் வலை கட்டி மாட்டிக்கொள்கிறேன் என்றார். மிக்சியை மட்டும் விட மாட்டேன் என்றார்.

அண்ணனிடம் ஏசியைப் பற்றிச் சொல்ல நான்தான் போனேன். பேச்சை நிறுத்திவிட்டுக் கேட்டார். "வெயில் காலத்துல போவாம, மார்கழியில போனாப் போச்சு" என்றார். முனுசாமி, "நானும் வர்றேன்" என்றார். யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

வேலை முடிய நாட்கள் ஆகின. நான் அண்ணிக்குக் காய் நறுக்கிக் கொடுத்துக்கொண்டும், பகலில் தூங்க முயன்று தோற்றுக்கொண்டும் இருந்தேன். பூந்தமல்லி பிரியாணி ஒருநாள், கொத்து பரோட்டா ஒருநாள் என்று வயிற்றுக்கு மட்டும் குறை இல்லை. இடையில் குத்தம்பாக்கத்துக்கும் ஆவடிக்கும் வண்டி போய் வந்துகொண்டிருந்தது. ரஃபி பாய் கட்டிலை உயர்த்திக் கட்டினார். பேட்டரிக்குக் காற்று போகத் துளை போட்டார். கூலி வேண்டாம் என்றார். அண்ணன் சட்டைப்பையில் திணித்துவிட்டு வந்தார்.

நான் கிளம்புவதற்கு முந்தின நாள் வண்டி தயாரானது. எங்கேயாவது போய் நிறுத்திப் பார்க்க வேண்டும். தூரம் போக எனக்குத் தெம்பில்லை, நேரமும் இல்லை. செம்பரம்பாக்கம் ஏரிக்கரையோரம், ஒரு மரத்தடியில் அண்ணி வண்டியை நிறுத்தினார். வானம் மூடியிருந்தது. காற்றடித்தது. அண்ணன் கட்டிலில் ஏறிப் படுத்து, குழாயை மாட்டிக்கொண்டு, "போடு" என்றார். மிசின் ஓடியது. அண்ணி கரண்ட் அடுப்பில் உப்புமா கிளறினார், பிறகு மிக்சியைத் திருப்பினார். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு மிசினைப் பார்த்தேன். அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. சட்னி அரைத்து முடித்துப் பார்த்தால், அண்ணன் தூங்கிவிட்டிருந்தார்.

நாங்கள் எழுப்பவில்லை. வெளியே பாயை விரித்து உப்புமாவைச் சாப்பிட்டோம். நானும் அப்படியே சாய்ந்தேன். மிசின் சத்தம் ஜன்னல் வழியாக வந்துகொண்டே இருந்தது. எப்போது தூங்கினேன் என்று எனக்கே தெரியாது.

கண் விழித்தபோது அண்ணன் வண்டி வாசல் படியில் உட்கார்ந்திருந்தார். நீளக் குழாய் அவருக்குப் பின்னால் வண்டிக்குள் போயிருந்தது. கையில் உப்புமாத் தட்டு. தலை கலைந்திருந்தது. முகத்தில் தலையணைத் தடம். ரோட்டில் சைக்கிளில் மீன் கொண்டுபோன ஒருவர் காலை ஊன்றி நிறுத்தி, வண்டியைச் சுற்றிப் பார்த்தார். அண்ணன் குழாயைக் கழற்றவில்லை.

"ஊடு மாதிரி கீதே! எங்கேர்ந்து அண்ணாத்தே வருது?"

"பாரிவாக்கம்" என்றார் அண்ணன்.

அது இங்கிருந்து பக்கம்தான். மீன்காரர் சிரித்தார். "சரி, எங்க போவுது?"

அண்ணன் வாயிலிருந்ததை மென்று விழுங்கினார். அவசரப்படவில்லை.

"கன்யாகுமரி" என்றார்.

அண்ணி கழுவிக்கொண்டிருந்த பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு அவரைத் திரும்பிப் பார்த்தார். அவருக்கும் அது அப்போதுதான் தெரியும்.